ஏழு சீட் டீசல் வண்டி: 13 கொடுத்த மைலேஜ் 9-க்கு வந்துடுச்சு, இன்ஜெக்டர் மாத்தித்தான் ஆகணுமா?

அஸ்தம்பட்டி_டீசல்:
2.2 லிட்டர் டீசல், மேனுவல் கியர், 2018 மாடல், பிஎஸ்4. ஓட்டம் 94,000 கி.மீ. வாரத்துக்கு 250 கி.மீ. ஓடும், மூணு மாசமா அதுல ஒரு தடவை ஏற்காடு போயிட்டு வர்றதும் சேர்ந்திருக்கு. ஃபுல் டேங்குக்கு ஃபுல் டேங்க் கணக்குல முன்னாடி லிட்டருக்கு 13 கி.மீ. வந்தது, இப்ப 9 தாண்டலை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஆயில் எல்லாம் மாத்தியாச்சு. புகை இல்லை. பட்டறையில நாலு இன்ஜெக்டரும் (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுறது) மாத்தணும்ங்கறாங்க. சம்பந்தம் இருக்கான்னு தெரியலை: மலை இறங்கும்போது டெம்பரேச்சர் முள் பாதியிலிருந்து நல்லா கீழே சரியுது. அடிவாரம் தாண்டி டவுனுக்குள்ள வந்ததும் மேல வந்துடுது.

கொண்டை_ஊசி_20:
முதல்ல மலையோட பங்கைக் கழிச்சுடுவோம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. ஆளோட சேர்த்து 2,200 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க ஏறக்குறைய 26 மெகாஜூல் வேணும். ஒரு லிட்டர் டீசல்ல 36 இருந்தாலும் சக்கரத்துக்கு வந்து சேர்றது மூணுல ஒரு பங்குதான். ஆக, ஏற்றத்துக்குன்னு தனியா 2 லிட்டர் போகும். இறங்கும்போது கியர்ல விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தா இன்ஜெக்‌ஷனே நின்னுடும். நியூட்ரல்ல இறங்கினா ஐடிலுக்கு டீசல் எரியும், பிரேக்கும் காயும், லாபம் ஒண்ணுமில்லை.

போக வர 60 கி.மீ.க்கு மொத்தம் 5.3 லிட்டர்னு வைங்க. மீதி 190 கி.மீ. 13 கணக்குல ஓடினா, வாரச் சராசரி 12.5-க்குக் கீழே போகாது. அதனால 9-க்கு ஏற்காட்டைக் குத்தம் சொல்ல முடியாது.

நீங்க கடைசியா போகிற போக்குல சொன்னதுதான் முக்கியம். இறக்கத்துல டீசல் கட் ஆகுறதால இன்ஜின்ல சூடு உண்டாகாது. அப்ப தெர்மோஸ்டாட் (கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு) மூடிக்கிட்டு இருக்கிற சூட்டைக் காப்பாத்தணும். முள் சரியுதுன்னா அது திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கு, இல்லைன்னா உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க"ன்னு கழட்டிப் போடற வழக்கம் இங்க உண்டு. இன்ஜின் இன்னும் குளிராத்தான் இருக்குன்னு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) நினைச்சுக்கிட்டு டீசலைக் கூட்டும். ஆயிலும் கெட்டியாவே இருக்கும்.

ரப்பர்_வாசனை:
டயர் சைஸ் மாத்தினீங்களா? 235/65 ஆர்17 இருந்த இடத்துல 255/65 போட்டா விட்டம் 737 மி.மீ.லிருந்து 763 ஆகும். மீட்டர் 3.4% குறைச்சுக் காட்டும், அதுல மைலேஜும் பொய்யா குறையும்.

பட்டறை_ஸ்பேனர்:
இன்ஜெக்டருக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்க. சூடான இன்ஜின், ஐடில். இன்ஜெக்டர்ல மிஞ்சின டீசல் திரும்பிப் போற நாலு ரிட்டர்ன் டியூபையும் கழட்டி ஒரே அளவு பாட்டில்ல விட்டு 5 நிமிஷம் பாருங்க. ஒண்ணு மட்டும் மத்ததைவிட ரெண்டு மடங்கு ரொம்பினா அது தேஞ்சுபோச்சு. நாஸில் கசிவு இதுல தெரியாது. அதுக்கு ஸ்கேனர்ல, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ டீசலைக் கூட்டிக் குறைக்கிற சிலிண்டர்வாரி கரெக்‌ஷன் அளவைப் பார்க்கணும். இன்ஜின் ஓடும்போது ரெயில் பைப்புல (இன்ஜெக்டருக்கு டீசல் கொண்டுபோற குழாய்) மட்டும் கை வைக்க விடாதீங்க, அங்க இருக்கறது நூத்துக்கணக்கான பார் அழுத்தம்.

அதுக்கும் முன்னாடி பிரேக் விடுபடாம சக்கரத்தைப் பிடிச்சிருக்கான்னு பார்க்கணும். மலை இறங்கினதும் பார்க்காதீங்க, நாலும் கொதிச்சிட்டிருக்கும். சமதளத்துல 15 கி.மீ. ஓட்டி, பிரேக்கைத் தொடாம தானா உருண்டு நிக்க விட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல நாலு டிஸ்க்கும் அளங்க.

அஸ்தம்பட்டி_டீசல்:
டயர் கம்பெனி சைஸ்தான், காத்து 33 பிஎஸ்ஐ. ரிட்டர்ன் நாலும் கிட்டத்தட்ட சமம், கரெக்‌ஷன் அளவுலயும் கோளாறு இல்லை. ஓமலூர் ரோட்டுல 80-ல 20 நிமிஷம் ஓட்டியும் ஸ்கேனர்ல கூலன்ட் 66 டிகிரி தாண்டலை. டிஸ்க்: முன் வலது 62, முன் இடது 148, பின்னாடி ரெண்டும் 50 பக்கம்.

பட்டறை_ஸ்பேனர்:
அப்ப தெர்மோஸ்டாட், முன் இடது பிரேக்னு ரெண்டு கோளாறு, ரெண்டும் ஒரே நேரத்துல. இன்ஜெக்டரை மறந்துடுங்க.

இடது சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, பிரேக்கை ஒருதடவை அமுக்கி விட்டுட்டு, கையால சுத்திப் பாருங்க. இறுக்கமா இருந்தா பிரேக் ஆயிலை வெளியே விடுற பிளீடர் நிப்பிளைத் திறங்க. உடனே லூசானா அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கு. ஒரு சக்கரம் மட்டும்ங்கறதால பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைச்சிருக்கும், அதை மாத்தணும். திறந்தும் இறுக்கம் போகலைன்னா காலிபரோட (பேடை டிஸ்க்குல அமுக்குற பாகம்) பின் அல்லது பிஸ்டன் சிக்கியிருக்கு. பின்னை உப்புத்தாள்ல தேய்ச்சு, சிலிக்கான் பிரேக் கிரீஸ் போடுங்க. சாதா சேஸிஸ் கிரீஸ் போட்டா பூட் ரப்பர் ஊதி மறுபடியும் பிடிக்கும். அந்தப் பக்கம் பேட் ஒண்ணு அதிகமா தேஞ்சிருந்தா முன் ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க.

கொண்டை_ஊசி_20:
தெர்மோஸ்டாட் வேலையை இன்ஜின் நல்லா ஆறினதும் செய்யச் சொல்லுங்க. கழட்டினதைப் பாத்திரத் தண்ணியில போட்டு சூடாக்கிப் பாருங்க: அதுமேல அச்சடிச்சிருக்கிற டிகிரி கிட்ட வர்றப்பத்தான் திறக்கணும், பச்சைத் தண்ணியிலேயே வாய் பிளந்திருந்தா செத்துப்போச்சு. புது ஓ-ரிங் போடுங்க. போர் தண்ணியை ஊத்த விடாதீங்க, உப்பு படிஞ்சு ரேடியேட்டர் அடைக்கும், ரெடிமிக்ஸ் கூலன்ட்தான். காத்து வெளியேறுற வரைக்கும் ஐடில்ல விட்டு லெவல் பாருங்க.

அப்புறம் ரெண்டு டேங்க், ஏற்காடு போகாம, ஒரே பங்க்ல, ஒரே குழாய்ல, முதல் ஆட்டோ கட்டோட நிறுத்திக் கணக்கு எடுங்க. கூலன்ட் 85-க்கு மேல நின்னும் 12 வரலைன்னா இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர வைக்கிறது) ஹோஸ் இணைப்புல ஆயில் ஈரம் இருக்கான்னு பார்த்துட்டு இங்க எழுதுங்க.