புதுப்பிப்பு: இரவு ஷிப்ட் காவலர்களுக்கு 'வரவில்லை' என்று விழுந்த சிக்கல் தீர்ந்தது

பெங்களூரில் எங்கள் செக்யூரிட்டி நிறுவனம் கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து முகம் பார்த்து வருகை பதியும் மொபைல் செயலிக்கு மாறியதும், இரவு 8 மணிக்கு வந்து காலை 8 மணிக்குப் போகும் காவலர்களுக்கெல்லாம் 'வரவில்லை' என்று விழுந்ததைச் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

செயலியை அழித்து மறுபடி நிறுவியதில் பயனில்லை. "நாள் எப்போது முடிகிறது என்று பாருங்கள்" என்றவரின் யோசனைதான் பலித்தது. செயலி நள்ளிரவில் நாளை வெட்டியதால், வந்த பதிவு ஒரு தேதியிலும் போன பதிவு மறு தேதியிலும் அநாதையாக நின்றிருக்கின்றன. நாள் முடிவை நண்பகல் 12 ஆக்கினேன். அவசரத்தில் எல்லா ஷிப்டுக்கும் மாற்றிவிட்டேன். நண்பகல் அவர்கள் ஷிப்டின் நடுவில் விழுவதால், மறுநாள் பகல் காவலர்கள் பதிவில் காணாமல் போனார்கள்! இரவு ஷிப்டுக்கு மட்டும் மாற்றுங்கள்.

எதிர்பாராதது இரண்டு. ஒயிட்ஃபீல்டு அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லை. காவலர் ஒருவர் வாகனச் சரிவில் பாதி ஏறி நின்று செயலிக்கு முகம் காட்டுகிறார். அங்கே பழைய நோட்டையும் வைத்திருக்கிறோம். இன்னொன்று, 12 மணி நேர ஷிப்ட் வாரம் 6 நாள் என்றால் 72 மணி நேரம். வழக்கமான வார வேலை நேரமான 48க்கு மேற்பட்ட 24 மணி நேரமும் இப்போது ஓவர்டைம் என்று தனி வரியாகத் தெரிகிறது. நோட்டில் இது யார் கண்ணிலும் பட்டதில்லை. அந்த ஓவர்டைமுக்கான இரட்டைச் சம்பளம் எங்கே என்று காவலர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.