மேனேஜர் சீட்டு கிழிந்த அன்று உள்ளூர்ப் பத்திரிகைகள் எழுதியது: அனுபவப் பகிர்வு

ஒன்பதாம்_இன்னிங்ஸ்

நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் மேனேஜராக (தலைமைப் பயிற்சியாளராக) இருந்த வில்லி ராண்டால்ஃப் யார் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2008 ஜூன் 16, கலிபோர்னியாவின் அனஹெய்மில் மெட்ஸ் 9-6 என்று ஏஞ்சல்ஸை ஜெயிக்கிறது. ஜெயித்த ஆட்டம்! அன்று நள்ளிரவு ஹோட்டலில் வைத்து ஜெனரல் மேனேஜர் ஓமர் மினாயா ராண்டால்ஃபின் கணக்கை முடிக்கிறார். நியூயார்க்கில் மணி மூன்று தாண்டிய பிறகு பத்திரிகைகளுக்கு மின்னஞ்சல் போகிறது: ராண்டால்ஃப், பிட்சிங் (பந்துவீச்சு) கோச் ரிக் பீட்டர்சன், முதல் பேஸ் கோச் டாம் நியேட்டோ மூவரும் வெளியே, ஜெர்ரி மானுவல் தற்காலிகப் பொறுப்பு.

இன்னும் உறுத்துவது அந்த மணிதான். நியூயார்க் டேப்லாய்டுகளுக்கு, அதாவது சிறிய அளவில் வரும் பரபரப்புப் பத்திரிகைகளுக்கு, பின்பக்க அட்டைதான் விளையாட்டின் முகப்பு. மூன்று மணிக்கு அச்சு ஓடி முடிந்து வண்டிகளே கிளம்பியிருக்கும். காலையில் ரயிலில் போகிறவன் கையில் பேப்பர், அதில் வேலையில் இருக்கும் மேனேஜர். காதில் ரேடியோ, அதில் வேலை போன மேனேஜர். மறுநாள் பேப்பருக்குக் கோபப்பட ஒரு முழுப் பகல் கிடைத்துவிட்டது. அணி 34 வெற்றி, 35 தோல்வி என்று நின்றதும், 2007-இல் 17 ஆட்டம் மிச்சமிருக்க 7 ஆட்ட முன்னிலையைத் தொலைத்ததும் பின்னுக்குப் போய்விட்டன. ‘ஏன் நீக்கினார்கள்’ என்ற கேள்வியை ‘ஏன் நடுராத்திரியில்’ என்ற கேள்வி விழுங்கிவிட்டது.

பாஸ்டன்_பக்கம்

மணியெல்லாம் ஒரு நாள் கூத்து. உண்மையான செய்தி பத்து நாள் கழித்துத்தான் வரும். 2011 பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியைப் பாருங்கள். செப்டம்பரில் 7 வெற்றி, 20 தோல்வி. 30-ஆம் தேதி மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா வெளியேறினார். அக்டோபர் 12-இல் பாஸ்டன் குளோப் பத்திரிகையில் பாப் ஹோலர் கட்டுரை. ஆட்டம் நடக்கும்போதே அன்று இறங்காத ஸ்டார்டிங் பிட்சர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர்கள்) அணி அறைக்குள் உட்கார்ந்து பொரித்த கோழி, பீர், வீடியோ கேம். ஊர் முழுக்க அந்தக் கோழிதான் பேச்சு. ஆனால் அதே கட்டுரையில் ஃபிராங்கோனாவின் குடும்பப் பிரச்சினையும், அவர் எடுத்த வலி மாத்திரையும், பெயர் சொல்லாத ஆட்களின் வாயால் வந்தன. மாத்திரையால் வேலை கெட்டது என்பதை அவர் அங்கேயே மறுத்தார். 2004, 2007 என்று இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவருக்கு இந்த வழியனுப்பு.

இரண்டு நாள் கழித்து உரிமையாளர் ஜான் ஹென்றி 98.5 ஸ்போர்ட்ஸ் ஹப் வானொலி நிலையத்துக்குத் தானே வண்டியைவிட்டு வந்து இறங்கினார். அழைப்பும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. அதுவரை தன்னைக் கிழித்துக்கொண்டிருந்த நிகழ்ச்சி நடத்துநர்கள் ஃபெல்கர், மசரோட்டி இருவரோடும் மைக் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல். கார்ல் கிராஃபோர்டை எடுத்ததில் தனக்கு உடன்பாடில்லை என்று உளறியதும் அங்கேதான். அணியில் இன்னும் ஆறு வருஷ ஒப்பந்தம் மிச்சமிருந்த ஆட்டக்காரரைப் பற்றி!

இன்னொன்று. ஃபிராங்கோனா ‘நீக்கப்பட்டார்’ என்று எழுதாதீர்கள். அவர் ஒப்பந்தத்தில் அடுத்த ஆண்டுக்கான விருப்ப உரிமையை அணி எடுக்கவில்லை, அவ்வளவுதான். 2003-இல் அதே அணியின் மேனேஜர் கிரேடி லிட்டிலுக்கும் இதேதான் நடந்தது. ராண்டால்ஃபுக்கு 2009 வரை ஒப்பந்தம் இருந்தது. மிச்சச் சம்பளத்தை அணி கொடுத்தே ஆக வேண்டும். கழற்றிவிடத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பணம்தான். செய்தியில் அது கடைசிப் பத்தியில் கிடக்கும்.

பழைய_பேப்பர்

உங்கள் இருவருக்கும் 1978 மறந்துவிட்டதா? சிகாகோ ஓஹேர் விமான நிலையம், ஜூலை 23. ஆட்டக்காரர் ரெஜி ஜாக்சன், முதலாளி ஸ்டைன்பிரென்னர் இருவரையும் சேர்த்து நியூயார்க் யாங்கீஸ் மேனேஜர் பில்லி மார்ட்டின் சொன்னது: ஒருத்தன் பிறவிப் பொய்யன், மற்றவன் தண்டனை பெற்றவன். கேட்டது நியூயார்க் டைம்ஸின் மரே சாஸும் நியூயார்க் போஸ்டின் ஹென்றி ஹெக்டும். ஒரே ஆளாக இருந்திருந்தால் ‘நான் சொல்லவில்லை’ என்பது எடுபட்டிருக்கும். போட்டிப் பத்திரிகைக்காரர்கள் இருவர் ஒரே வாக்கியத்தை எழுதினால் எங்கே ஓடுவது? மறுநாள் கான்சாஸ் சிட்டியில் கண்ணீரோடு ராஜினாமா. ஐந்தே நாளில், பழைய ஆட்டக்காரர்கள் தினத்தன்று, 1980-இல் மார்ட்டின் திரும்பி வருவார் என்று ஸ்டேடியம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு. எழுதி முடித்த அத்தனை இரங்கல் பத்திகளும் குப்பைக்கு.

இரவு_மேசை

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்தப் பழைய செய்திகளைத் தேடுகிறவர்கள் முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். கிழக்குக் கரை பேப்பருக்குக் கலிபோர்னியா ஆட்டம் இரவு பத்து மணிக்குத்தான் தொடங்கும். முன்பதிப்பில் முடிவு இருக்காது, அட்டவணையில் ‘இரவு ஆட்டம்’ என்ற குறி மட்டும். பழைய பேப்பர்களைப் படமெடுத்து வைத்திருக்கும் மைக்ரோபிலிமில் பெரும்பாலும் ஒரே பதிப்புதான் கிடைக்கும். ‘அன்றைய பேப்பர் இதைப் பற்றி எழுதவேயில்லை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் அந்தக் குழியில்தான் விழுகிறார்கள். இணையக் காப்பகத்தில் வேறு தொல்லை: காலை 4 மணிக்கு ஏற்றிய நாலு வரிச் செய்தியின் மேலேயே மாலைக் கட்டுரையை எழுதிவிடுவார்கள், தேதி மட்டும் பழையது. ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) நிறுவனம் எல்லாப் பேப்பர்களுக்கும் அனுப்பும் செய்தியை மூன்று ஊர்ப் பேப்பர்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பத்தியை எங்கே வெட்டினார்கள் என்பதே பாதி கதை சொல்லும்.

அப்புறம், அணியோடு தினமும் பயணிக்கும் செய்தியாளரையும் பத்தி எழுத்தாளரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முன்னவர் நாளைக்கும் அதே லாக்கர் அறைக்குள் போயாக வேண்டும், அதனால் அளந்துதான் எழுதுவார். பின்னவர் அடுத்த வாரம் கால்பந்து எழுதப் போய்விடுவார். பெயர் சொல்லாத ஆள் பேசினால், அந்தத் தகவல் வெளிவந்ததில் லாபம் யாருக்கு என்று பாருங்கள். ஆட்டக்காரருக்கா, முதலாளி அறைக்கா? அது தெரிந்தால் ஆளையும் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம்.

கடைசியாக, பேப்பரின் முதலாளி யார்? பாஸ்டன் நண்பர் இதை விட்டுவிட்டார். 2011-இல் குளோப் நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் சொத்து, அந்த நிறுவனத்துக்கே ரெட் சாக்ஸில் சிறு பங்கும் இருந்தது. 2013-இல் ஹென்றி குளோபையே வாங்கிவிட்டார்.

ஒன்பதாம்_இன்னிங்ஸ்

முதலாளி பற்றிப் பேசினால் எஸ்என்ஒய்யையும் சேர்க்கணும். அப்போதைய மெட்ஸ் முதலாளிகளுக்குப் பங்கிருந்த டிவி சேனல் அது. நீக்கத்துக்கு ஒரு மாசம் முன்னாடிதான், அந்தக் கேமரா தன்னைக் காட்டும் விதம் சரியில்லை என்று ராண்டால்ஃப் நியூஜெர்சியின் ரெக்கார்டு பத்திரிகைக்குச் சொல்லி, பிறகு மன்னிப்பும் கேட்டார். சம்பளம் கொடுக்கிறவனின் கேமராவைப் பற்றி! பாஸ்டன் நண்பரே, இது நீக்கத்துக்குப் பிறகு வந்த செய்தி இல்லை, முன்னாடியே வந்தது. பத்து நாள் கணக்கு இங்கே எப்படி ஒத்துவரும்?