மறு: தூசி மாஸ்க்குக்குத் தமிழ்ல என்ன? 'புழுதியரி'ன்னு வைக்கலாமா

எல்லாருக்கும் வணக்கம், பர்மாவுல இருக்குற மோல்மேன்லேர்ந்து எழுதுறேன்.

> முகக்கவசம்னு ஏற்கெனவே இருக்கும்போது இன்னொரு சொல் எதுக்கு?

ஐயா, நீங்க கேக்குறது நியாயம்தான். ஆனா கொரோனாவுக்கு அப்புறம் முகக்கவசம்னாலே ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது காதுல மாட்டுற அந்த நீலத்துணிதான். அத மாட்டிக்கிட்டு பங்குனி மாசத்துல முடோன் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள போற செம்மண் பாதையில மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பாருங்க, முன்னாடி ஒரே ஒரு வண்டி போனாலே போதும், வீடு வந்து கழட்டினா உள்பக்கமும் மூக்கோரம் செவப்பா ஒரு கோடு நிக்கும். துணியோட ஓரம் முகத்துல ஒட்டாததால அந்த இடுக்கு வழியா உள்ள வந்த புழுதி அது. அந்த நீலத்துணி செஞ்சதே முக்கியமா போடுறவங்க எச்சில் வெளிய தெறிக்காம இருக்கத்தான். நமக்கு வேண்டியது வெளிய இருக்குறது உள்ள வராம இருக்க. வேலையே வேற, அதனாலதான் சொல்லும் வேற வேணும்ங்குறேன்.

> பர்மாக்காரங்க சொல்ற மாதிரி மூக்குக்கட்டுன்னே வச்சிடலாமே

தங்கச்சி, ஹ்னாகவுங்னா மூக்கு, சீன்னா கட்டு, ஹ்னாகவுங்சீ அப்படியே நம்ம வாய்க்கும் வந்துடுது, எனக்கும் பிடிச்சுது. ஆனா அந்தப் பேர கைக்குட்டை, துண்டு கட்டிக்கிறதுக்கு விட்டுடலாம்னு தோணுது. நானே மூணு வெயில் காலம் நனைச்ச துண்டு கட்டிக்கிட்டு ஓட்டினவன், சாயந்திரமானா இருமல் நிக்காது. துண்டு தடுக்குறது பல்லுல நறநறங்குற பெரிய மண்ண மட்டும்தான். 10 மைக்ரானுக்குக் (மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ இருக்குற தூள் மூக்கு தொண்டையெல்லாம் தாண்டிப் போகுது, 4 மைக்ரானுக்குக் கீழ போனா நுரையீரலோட கடைசி காத்துப்பை வரைக்கும் இறங்கும், அதுல மண்ணோட சிலிக்கா கலந்திருந்தா வருஷக்கணக்குல சுவாசிக்கிறவங்களுக்கு நுரையீரலே தழும்பேறிப் போயிடும். என்-95ன்னு அச்சடிச்சு வர்ற மாஸ்க் 0.3 மைக்ரான் அளவு தூள்லயே குறைஞ்சது 95 சதவீதத்தப் பிடிக்கணும்னு கணக்கு. ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிட்டா கடையில போய் கேக்குறவன் துண்டே போதும்னு திரும்பிடுவான்.

'தூசி வடிகட்டி முகமூடி'யும் யாரோ எழுதியிருந்தீங்க. பொருள் சரி, ஆனா ரொம்ப நீளம், ஹெல்மெட்டுக்குள்ளேர்ந்து கத்திச் சொல்ல முடியாது. வடிகட்டின்னு யோசிச்சது மட்டும் ரொம்ப சரி. வண்டியோட ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச கழுவி, காயவச்சு, எண்ணெய் தடவி மாட்டிட்டுத்தான் கெளம்புறோம், இல்லன்னா மண்ணு உள்ள போயி பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறிடும்னு தெரியும், ஆனா நம்ம மூச்சுக்கு அந்த ஏற்பாடு பண்றதில்ல.

இப்ப என் சொல். நன்னூல்ல கடை மாணாக்கருக்கு உவமை சொல்றப்ப ஓட்டைக்குடம், ஆடு, எருமையோட 'நெய்யரி'ன்னு ஒண்ணு வருமே, அதாவது பன்னாடை (தென்னை, பனை மட்டையடியில இருக்குற நார்வலை), நெய்ய விட்டுட்டு கசட மட்டும் பிடிச்சு வச்சுக்கும். மாணவனுக்கு அது குத்தம். மாஸ்க்குக்கோ அதுதான் வேலையே, காத்த விட்டுட்டு கசட நிறுத்தணும். அரிசி அரிக்கிறோம், மணல் அரிக்கிறோம், வினை நம்ம வீட்டுலயே இருக்கு. நெய்யரி மாதிரியே புழுதியரி.

அரின்னா சொறியிற அரிப்பு ஞாபகம் வராதான்னு ஒருத்தர் தனிமடல்ல கேட்டார். நெய்யரிய படிக்கிறப்ப யாருக்கும் அது வரலையே, முன்னாடி நிக்கிற சொல் பொருளக் காட்டிடும். தூசியரின்னு ஏன் வைக்கலன்னா, தூசி அலமாரி மேலயும் படியும், சக்கரம் கிளப்புறது புழுதி. தூசிக்குப் பழைய தமிழ்ல முன்னால போற படைன்னும் ஒரு பொருள் இருக்கு.

சொல்பட்டியல்ல இப்படிப் போடலாம்னு நினைக்கிறேன்: *புழுதியரி – மண் பாதையில வண்டி ஓட்டுறவங்க மூக்கும் வாயும் மூடி அணியிற, ஓரம் முகத்தோட ஒட்டி நிக்கிற, நுண்தூள அரிச்சு நிறுத்துற மூடி.* 'ஓரம் ஒட்டி'ங்குறத தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க. மூக்கு மேல இருக்குற கம்பிய அழுத்தி விடலன்னா மூச்சு மேல ஏறி கண்ணாடியில ஆவி படிஞ்சுடும், இறக்கத்துல கண்ணே தெரியாது. தாடி வச்சிருந்தாலும் ஒட்டாது. வேர்வையில ஊறிட்டா மூச்சு இழுக்கவே கஷ்டம், மாத்தியாகணும்.

அந்த ஒட்டி நிக்கிற ஓரத்துக்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கல. இடியாப்ப, புட்டுப் பானையில ஆவி போகாம மூடியச் சுத்தி மாவோ துணியோ வச்சு அடைப்பாங்கல்ல, அதுக்கு உங்க ஊர்ப்பக்கம் பாட்டிமார் ஏதாச்சும் பேர் சொல்லிக் கேட்டிருந்தா எழுதுங்க.