கடல் காற்றாலை: அனுபவம் உள்ளவர்கள் உதவுவீர்களா?

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். இறுதியாண்டு ஆய்வுக்காக மன்னார்க் கடலில் 500 மெகாவாட் காற்றாலை ஒன்றைத் திட்டமிடுகிறேன், கடதாசியில் மட்டும்தான்!

காற்றைப் பற்றிக் கவலையில்லை. தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை பிய்த்து உதறும். மன்னார்த் தீவின் கரையில் தம்பபவனி காற்றாலையின் 30 டர்பைன்கள் ஏற்கெனவே சுழல்கின்றன. சிக்கல் கடலுக்கு அடியில்தான். ஆழம் குறைந்த இடம், ஒற்றை உருக்குக் குழாய் அடித்தளம் போதும் என்று நினைத்தேன். ஆனால் அதை அடித்து இறக்கும் சத்தத்தை அங்குள்ள கடற்பசுக்கள் தாங்குமா? ஐரோப்பாவின் வட கடலில் சுற்றிவரக் காற்றுக்குமிழித் திரை போட்டுச் சத்தத்தைக் குறைப்பார்களாம். அந்த வேலையில் நேரடியாக நின்ற அண்ணா, அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள்: செலவு, நேரம், நீரோட்டத்தில் திரை கலையாதா?

அப்புறம், என் மேற்பார்வையாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "வலை போடுகிறவர்களைக் கேட்டீரா?" என்றார். கேட்கவில்லை. கேபிள் கரையேறும் இடத்தையும் நானே கோடு போட்டு வைத்திருந்தேன், வெட்கம்தான். பேசாலை, தலைமன்னார்ப் பக்கம் கடற்றொழிலாளர் சங்கங்களோடு தொடர்புள்ளவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். அடுத்த மாதம் அறிக்கை கொடுக்க வேண்டும்.