அமெரிக்காவில் முதுகலை முடித்தபின் பணி விசா: ஆய்வக வேலையா, தனியார் நிறுவனமா?

வேனில் (கேள்வி), பிப்ரவரி 2026

அனைவருக்கும் வணக்கம். நான் எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்காவில் தரவு அறிவியலில் முதுகலை படித்து வருகிறேன். வரும் மே மாதம் படிப்பு முடிகிறது. இந்தியாவில் நான்காண்டு கணினிப் பொறியியல் இளங்கலை முடித்துவிட்டு இங்கு வந்தேன்.

இப்போது என்முன் இரண்டு வேலை வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வகத்தில் தரவுப் பகுப்பாய்வாளர் பணி; ஊதியம் குறைவு, ஆனால் வேலை எனக்குப் பிடித்தமானது. மற்றொன்று, சுமார் முப்பது பேர் பணிபுரியும் ஒரு தனியார் தொடக்கநிலை நிறுவனம். ஊதியம் கணிசமாக அதிகம், ஆனால் இதுவரை அவர்கள் வெளிநாட்டவர் எவருக்கும் எச்-1பி என்னும் பணி விசாவுக்கு மனு தாக்கல் செய்ததில்லை என்று நேர்காணலிலேயே சொன்னார்கள். படிப்பு முடிந்தபின் ஓபிடி (மாணவர் விசாவிலேயே வேலை செய்யும் பயிற்சி அனுமதி), அதன்பின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) நீட்டிப்பு, அதற்குள் எச்-1பி என்ற பொதுவான வரிசை எனக்குத் தெரியும். ஆனால் சென்ற ஆண்டு எச்-1பி மனுக்களுக்கு அறிவிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணமும், ஊதிய நிலையைக் கொண்டு எச்-1பி இடங்களுக்கான குலுக்கலில் முன்னுரிமை தரும் புதிய விதியும் இந்த வரிசையை எவ்வாறு மாற்றுகின்றன என்பது புரியவில்லை. விசாவை மட்டும் கருத்தில் கொண்டால் எந்த வேலை பாதுகாப்பானது?

இதனோடு இன்னொரு கேள்வியும் உண்டு. என் அக்கா ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் இந்திய அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். ஒரு சிறு குழுவை நிர்வகிக்கிறார். அவரைப் போன்றவர்களுக்கு இப்போது எச்-1பி அல்லாத வழி ஏதேனும் இருக்கிறதா?

பொருநை

வேனில் அவர்களுக்கு, உங்கள் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன் காலக்கணக்கைச் சரிபார்ப்பது அவசியம். இந்தப் பாதையில் பலர் தடுமாறுவது தகுதியின்மையால் அல்ல, தேதியைத் தவறவிடுவதால்தான்.

படிப்பு முடியும் தேதிக்கு 90 நாட்களுக்கு முன்பிருந்து, முடிந்தபின் 60 நாட்கள் வரை ஓபிடிக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலர் செவிஸ் என்னும் மாணவர் பதிவு அமைப்பில் பரிந்துரை பதிந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பம் குடிவரவுத் துறையைச் சென்றடைந்தாக வேண்டும். அதாவது உங்களுக்கு இந்த மாதமே வாசல் திறந்துவிட்டது. வேலை உறுதியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஏனெனில் ஓபிடிக்கு விண்ணப்பிக்க வேலை வாய்ப்புக் கடிதம் தேவையில்லை. ஓபிடி 12 மாதங்கள்; ஸ்டெம் பிரிவினருக்கு மேலும் 24 மாதங்கள். உங்கள் படிப்பு ஸ்டெம் பட்டியலில் வருகிறதா என்பதைத் துறையின் பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல், கல்லூரி தந்த ஐ-20 படிவத்தில் அச்சிடப்பட்டுள்ள சிஐபி என்னும் படிப்பு வகைக் குறியீட்டைக் கொண்டு உறுதி செய்யுங்கள். ஒரே பெயருள்ள படிப்பை இரு கல்லூரிகள் இரு வேறு குறியீடுகளில் பதிந்திருப்பதுண்டு.

ஸ்டெம் நீட்டிப்புக்கு நிறுவனம், பணியாளரின் வேலை உரிமையைச் சரிபார்க்கும் இ-வெரிஃபை அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். ஐ-983 என்னும் பயிற்சித் திட்டத்தில் கையொப்பமிட வேண்டும். வாரம் குறைந்தது 20 மணி நேரம் ஊதியத்துடன் வேலை தர வேண்டும். சிறு நிறுவனங்கள் பலவற்றுக்கு இ-வெரிஃபை என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. பதிவு செய்வது கட்டணமில்லாத எளிய வேலைதான் என்றாலும், அதைச் செய்ய அவர்கள் ஒப்புக்கொள்கிறார்களா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். முதல் ஓபிடியில் வேலையின்றி இருக்கும் நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. நீட்டிப்பு பெற்றவருக்கு இரண்டு காலமும் சேர்த்து 150. இந்த நாட்களைக் கடத்துவதற்காக, காகிதத்தில் மட்டும் வேலை காட்டித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடம் எந்த நிலையிலும் போகாதீர்கள். அந்தப் பதிவு பின்னாளில் எச்-1பி மனுவிலும் கிரீன் கார்டு மனுவிலும் உங்களுடன் வந்துகொண்டே இருக்கும்.

இனி எச்-1பி. ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. மார்ச்சில் பதிவு, தேர்வானால் ஏப்ரல் முதல் மனு, அக்டோபர் 1 முதல் பணி என்பதே நடைமுறை. உங்களுக்கு நான்காண்டு இளங்கலைப் பட்டம் ஏற்கெனவே இருப்பதால், முதுகலை முடியும்வரை காத்திருக்காமல் வரும் மார்ச்சிலேயே 65,000 பிரிவில் ஒரு நிறுவனம் உங்களைப் பதிவு செய்யலாம். இதைப் பலர் அறியாமல் ஓர் ஆண்டை இழக்கிறார்கள். மார்ச் 2026, 2027, 2028, 2029 என்று, ஸ்டெம் நீட்டிப்பு கிடைத்தால் உங்களுக்கு நான்கு வாய்ப்புகள், கிடைக்காவிட்டால் இரண்டுதான். கடைசி ஆண்டில் தேர்வாகி, ஓபிடி காலாவதியாகும் முன்பே நிலை மாற்றக் கோரிக்கையுடன் (நாட்டுக்குள் இருந்தபடியே எஃப்-1இலிருந்து எச்-1பிக்கு மாறுவது) மனு தாக்கலாகிவிட்டால், மனு நிலுவையில் உள்ளவரை வேலை அனுமதி அடுத்த ஏப்ரல் 1 வரைகூட நீளும். முன்பு இது அக்டோபர் 1 வரை மட்டுமே இருந்தது. 2025 ஜனவரியில் மாற்றினார்கள்.

1,00,000 டாலர் கட்டணம் குறித்து உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் உங்கள் நிலைக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. 2025 செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் புதிய மனுக்களில், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கே அது முதன்மையாக விதிக்கப்படுகிறது. நாட்டுக்குள் முறையான எஃப்-1 நிலையில் இருந்துகொண்டு எச்-1பிக்கு நிலை மாற்றம் கேட்டு, அது ஏற்கப்பட்டால் அந்தக் கட்டணம் இல்லை என்று குடிவரவுத் துறை அக்டோபரில் தெளிவுபடுத்தியது. இதில் ஒரு பொறி இருக்கிறது: மனு நிலுவையில் இருக்கும்போது நீங்கள் நாட்டை விட்டு வெளியேறினால் நிலை மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும், அப்போது கட்டணம் நிறுவனத்தின் தலையில் விழும். திருமணமோ வேறு குடும்ப நிகழ்வோ திட்டமிட்டிருந்தால், ஏப்ரலுக்கும் மனு முடிவாகும் நாளுக்கும் இடையில் பயணம் வைக்காதீர்கள்.

மருதம்

பொருநை அவர்கள் காலக்கணக்கை விரிவாகச் சொல்லிவிட்டார். நான் ஆய்வக வேலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அதன் மதிப்பை மாணவர்கள் பலரும் குறைத்தே எடைபோடுகிறார்கள்.

பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த இலாப நோக்கற்ற அமைப்புகள், இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்கள், அரசு ஆய்வு நிறுவனங்கள் ஆகியவை எச்-1பி உச்ச வரம்புக்கு உட்பட்டவை அல்ல. குலுக்கல் இல்லை, ஆண்டின் எந்த மாதத்திலும் மனு செய்யலாம். இந்தப் பாதையில் உங்கள் எதிர்காலம் ஒரு மார்ச் மாதத்து அதிர்ஷ்டத்தைச் சார்ந்திருக்காது. ஆனால் ஆய்வகம் எந்த அமைப்பின் ஊதியப் பட்டியலில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பெயர்ப் பலகையில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். பணி நியமனத்தை வேறொரு மருத்துவமனைக் குழுமம் வழங்கும். அந்தக் குழுமத்துக்கு விலக்கு உண்டா என்பது தனியாக நிறுவப்பட வேண்டிய செய்தி. அத்துடன், அந்தத் துறை எச்-1பி மனு செய்யச் சம்மதிக்கிறதா என்பதையும் கேளுங்கள். பேராசிரியரின் மானியக் காலம் முடிந்தால் பதவியும் முடிந்துவிடும் வகை வேலைகள் இவற்றில் அதிகம்.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். விலக்குள்ள அமைப்பில் பெற்ற எச்-1பியோடு பின்னர் தனியார் நிறுவனத்துக்கு முழுமையாக மாற விரும்பினால், அப்போது குலுக்கலுக்குள் வந்தே ஆக வேண்டும். ஆய்வகப் பணியை விடாமல், கூடுதலாக ஒரு தனியார் நிறுவனத்திலும் அதன் மனுவின் பேரில் பணிபுரிவதற்கு மட்டும் வழி இருக்கிறது.

புதிய தேர்வு முறையும் இந்தத் தீர்மானத்தைப் பாதிக்கும். இந்த மாதம் 27 முதல் நடைமுறைக்கு வரும் விதியின்படி, தொழிலாளர் துறையின் நான்கு ஊதிய நிலைகளில் உங்களுக்குத் தரப்படும் ஊதியம் எந்த நிலையை எட்டுகிறதோ அத்தனை முறை உங்கள் பெயர் தேர்வில் சேர்க்கப்படும்: முதல் நிலைக்கு ஒரு முறை, நான்காம் நிலைக்கு நான்கு முறை. ஊதிய நிலை தொகையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை; தொழில் வகைக்கும் பணியிடம் அமைந்த பகுதிக்கும் ஏற்ப மாறும். ஒரே ஊதியம் பெருநகரத்தில் முதல் நிலையிலும், செலவு குறைந்த பகுதியில் மூன்றாம் நிலையிலும் வரலாம். அந்தத் தொடக்கநிலை நிறுவனம் சொல்லும் தொகை அந்த ஊரின் இரண்டாம் நிலையையாவது எட்டுகிறதா என்று தொழிலாளர் துறையின் ஊதியத் தளத்தில் நீங்களே பார்த்துவிடலாம். எட்டாவிட்டால், அதிக ஊதியம் என்னும் கவர்ச்சி குலுக்கலைப் பொறுத்தவரை உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது.

என் கருத்தைக் கேட்டால், ஆய்வகம் எழுத்து மூலம் எச்-1பிக்கு உறுதி தருமானால் அதையே தேர்ந்தெடுப்பேன்.

முல்லை

அக்காவைப் பற்றிய கேள்விக்கு என்னால் பதில் சொல்ல இயலும். பன்னாட்டு நிறுவனங்களின் பணியாளர் இடமாற்றப் பிரிவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன்.

அவருக்கு முதலில் பார்க்க வேண்டியது எல்-1, அதாவது நிறுவனத்துக்குள்ளேயே இடமாற்றம் பெறுபவர்களுக்கான விசா. கடந்த மூன்று ஆண்டுகளில் தொடர்ந்து ஓர் ஆண்டு அதே நிறுவனத்தின் வெளிநாட்டு அலுவலகத்தில் பணிபுரிந்திருந்தால், அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றலாகி வரலாம். ஆண்டு வரம்பும் குலுக்கலும் இல்லை; 1,00,000 டாலர் கட்டணமும் எச்-1பிக்கு மட்டுமே உரியது. மேலாளர்களுக்கான எல்-1ஏவில் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள், சிறப்பறிவு உடையவர்களுக்கான எல்-1பியில் ஐந்து ஆண்டுகள் தங்கலாம். வாழ்க்கைத் துணைக்குத் தனி அனுமதி அட்டை இல்லாமலே வேலை செய்யும் உரிமை உண்டு என்பது பெரிய ஆறுதல். எச்-1பி துணைவர்களோ, கிரீன் கார்டு நடைமுறை ஒரு கட்டத்தை எட்டும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அக்கா ஒரு குழுவை நிர்வகிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்-1ஏ மனுவில் அதிகாரிகள் ஆராய்வது அங்கேதான். அவர் அன்றாட நிரல் எழுதும் வேலையைச் செய்துகொண்டே நான்கு பேரை ஒருங்கிணைக்கிறாரா, பட்டதாரிப் பணியாளர்களை நியமிக்கவும் மதிப்பிடவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவரா என்பதை அமைப்பு வரைபடமும் பணி மதிப்பீட்டுப் பதிவுகளும் காட்ட வேண்டும். அப்படி இல்லாவிட்டால் எல்-1பியை நாடலாம். ஆனால் அந்நிறுவனத்துக்கே உரிய மென்பொருள் அல்லது செயல்முறை பற்றிய அறிவு அவரிடம் இருக்கிறது என்பதை நிறுவ வேண்டும். வாடிக்கையாளர் அலுவலகத்தில் அமர்த்தப்படும் எல்-1பி பணியாளர்களுக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையான கட்டுப்பாடு விதிக்கிறது. எல்-1இல் வந்தவர் அதே விசாவில் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். பின்னர் எச்-1பிக்கு மாறினால், எல்-1இல் கழித்த காலம் அதன் அதிகபட்ச ஆறு ஆண்டுகளில் கழிக்கப்படும்.

வேனில், இந்த வழி உங்களுக்கும் ஒருநாள் உதவக்கூடும். எல்லா மார்ச் மாதங்களிலும் தேர்வாகாதவர்களைச் சில பெரிய நிறுவனங்கள் வேறு நாட்டு அலுவலகத்தில் ஓர் ஆண்டு பணியமர்த்தி, எல்-1இல் திரும்ப அழைத்துக்கொள்கின்றன. முப்பது பேர் கொண்ட நிறுவனத்துக்கு வேறு நாட்டில் அலுவலகம் இல்லையென்றால் இந்த வழி அங்கே இல்லை.

வேனில்

மிகுந்த நன்றி. ஆய்வகப் பணியை வழங்குவது பல்கலைக்கழகமே என்று நியமனக் கடிதத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஓபிடி பரிந்துரைக்கு நாளையே விண்ணப்பிக்கிறேன். தனித்திறன் உடையவர்களுக்கான ஓ-1 விசா பற்றியும், எச்-1பியின் ஆறு ஆண்டுகள் முடிந்தபின் என்ன ஆகும் என்பது பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? நான் இந்தியாவில் பிறந்தவர். கிரீன் கார்டுக்கான காத்திருப்பு நீண்டது என்பதை அறிவேன்.

பொருநை

ஓ-1க்கு உச்ச வரம்பு இல்லை. முதலில் மூன்று ஆண்டுகள் வரை தருவார்கள், பின்னர் ஓராண்டு வீதம் நீட்டிக்கலாம். எட்டு வகைச் சான்றுகளில் குறைந்தது மூன்றை நிறைவு செய்ய வேண்டும். அவற்றுள் ஆய்வுக் கட்டுரைகள், பிறர் ஆய்வுகளை மதிப்பீடு செய்தது, துறைக்கு ஆற்றிய முக்கியமான பங்களிப்பு ஆகிய மூன்றும் ஓர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் முனைந்து உழைப்பவருக்கு எட்டக்கூடியவை. ஆகவே ஆய்வகத்தில் சேர்ந்த நாளிலிருந்தே கட்டுரைகளில் உங்கள் பெயர் இடம்பெறுவதை உறுதி செய்யுங்கள். இதழ்கள் மதிப்புரைக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். மேற்கோள்களையும் அழைப்பு மின்னஞ்சல்களையும் பாதுகாத்து வையுங்கள்.

ஆறு ஆண்டுக் கேள்விக்கு: எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுக் கிரீன் கார்டுகளில் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்ற வரம்பினால்தான் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை இவ்வளவு நீள்கிறது. ஆனால் வரிசை நீளமாக இருப்பதால் எச்-1பி முடிந்துவிடாது. கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டு, முன்னுரிமைத் தேதி (வரிசையில் இடத்தைக் குறிக்கும் தேதி) இன்னும் வராதவர்களுக்கு மூன்று ஆண்டுகள் வீதம் நீட்டிப்பு உண்டு. அது ஏற்கப்படாத நிலையிலும், அதற்கு முந்தைய படியான தொழிலாளர் சான்றிதழுக்கான விண்ணப்பம் தாக்கலாகி 365 நாட்கள் கடந்திருந்தால் ஓராண்டு வீதம் நீட்டிக்கலாம். எனவே ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் அந்த வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். ஐ-140 ஏற்கப்பட்டு 180 நாட்கள் கடந்தபின் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றாலும் உங்கள் முன்னுரிமைத் தேதியும் எச்-1பி நீட்டிப்பு உரிமையும் பொதுவாக அழிவதில்லை.

பல்கலைக்கழகங்கள் சில, ஆசிரியர் அல்லாத பணியாளர்களுக்குக் கிரீன் கார்டு நடைமுறையைத் தொடங்குவதேயில்லை. எச்-1பியைப் பற்றிக் கேட்கும் அதே மின்னஞ்சலில் இதையும் மனிதவளத் துறையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றபின் நியமனக் கடிதத்தில் கையொப்பமிடுங்கள். அவர்கள் முடியாது என்றால் வேலையைத் துறக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் துணையின்றி நீங்களே மனு செய்யக்கூடிய தேசிய நலன் விலக்கு என்னும் வழி, வேலைவழிக் கிரீன் கார்டின் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. அதற்கும் ஓ-1க்குச் சேர்க்கும் அதே கட்டுரைகளும் பரிந்துரைக் கடிதங்களுமே பெரிதும் பயன்படும்.