குருத்தணுவின் 'நீஷ்': மடி என்று சொல்லலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். இளநிலை விலங்கியல் மாணவர்களுக்கு இனப்பெருக்கக் குருத்தணுக்களை (முட்டையும் விந்தும் உருவாக்கும் ஸ்டெம் செல்களை) பற்றிப் பாடம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் 'நீஷ்' (niche), அதாவது குருத்தணுவைக் குருத்தணுவாகவே வைத்திருக்கும் பக்கத்துச் செல்கள், என்ற இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. போன வாரம் இங்கே அதற்குத் தமிழாக நுண்சூழல், நாற்றங்கால், மாடம் என்று மூன்று சொற்கள் வந்தன. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. என் சொல் 'மடி'.

காரணத்தை நான் பார்த்ததிலிருந்தே சொல்கிறேன். விடுதிப் பையன்கள் கனிந்த வாழைப்பழத்தைப் பாட்டிலில் போட்டுப் பிடித்துவந்த பழ ஈக்களில் ஒரு பெண் ஈயின் சூலகத்தை ஊசியால் பிரித்துக் காட்டினேன். பதினாறு சரம்போலப் பிரிந்தது. "சார், மல்லிச் சரம் மாதிரியே இருக்கு" என்றாள் ஒரு மாணவி. நுனியில் பொடி மொட்டு, கீழே வரவரப் பருத்த முட்டை. அந்தப் பொடி நுனியில்தான் குருத்தணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன, இரண்டோ மூன்றோதான். அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் தொப்பிச் செல்கள் டிபிபி என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது குருத்தணுவின் ஏற்பியில் பொருந்தியதும் உள்ளே மேட் என்ற புரதம் பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டு உட்கருவுக்குப் போய், குருத்தணுவை முதிரத் தூண்டும் பாம் என்ற மரபணுவைத் தலைதூக்கவிடாமல் அமுக்கிவைக்கிறது. குருத்தணு இரண்டாகப் பிரியும்போது தொப்பிச் செல்லை ஒட்டியிருப்பது குருத்தணுவாகவே இருக்கும். ஒரே ஒரு செல் அகலம் தள்ளிப்போனதற்குச் சமிக்ஞை குறைந்துவிடும், பாம் விழித்துக்கொள்ளும். அப்புறம் அது நான்கு முறை பிரிந்து 16 செல்லாகி, ஒன்று முட்டையாகும், மற்ற 15 அதற்கு ஊட்டும் செவிலிச் செல்களாகும்.

இப்போது சொற்களைப் பாருங்கள். நாற்றங்காலில் நாற்றை எல்லாம் பறித்து வயலில் நட்டுவிடுவோம், அங்கே எதுவும் தங்காது. இங்கே ஒன்று தங்குவதுதான் விஷயமே. நுண்சூழல் பொத்தாம்பொதுவானது, எந்தச் செல்லுக்கும் அது உண்டு. மாடம் அழகான சொல்தான், அகல்விளக்கைக் காற்றில் அணையாமல் காக்கும், ஆனால் விளக்குக்கு எண்ணெய் ஊற்றாது. எலியின் விந்தகத்தில் குருத்தணுக்களைத் தாங்கி ஊட்டும் செர்டோலி செல்கள் சுரக்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதம் குறைந்தால் குருத்தணுக்கள் தீர்ந்துபோகின்றன, மிஞ்சினால் முதிராமல் குவிகின்றன. காக்கிற இடமே அளந்தும் கொடுக்கிறது. மாட்டுக்கு மடி, தாய்க்கு மடி, விடியலில் மல்லிமொட்டுப் பறிக்கிற அக்காமார் சேலையில் கட்டிக்கொள்வதும் மடி. மடி கொள்கிற அளவுக்குத்தான் பிள்ளை உட்காரும், இறங்கினால் வளர்ந்து தன்பாட்டுக்குப் போகும்.

> மடிதல் என்றால் சாதல் ஆயிற்றே, செல்லியலில் இது குழப்பாதா?

மடி என்றதும் நேற்று இங்கே ஓர் ஐயா கேட்ட இந்தக் கேள்வி சரியானதுதான், நானும் அதற்கு முன்பே இதில் உழன்றவன்தான். 'மடிச்செல்' என்று தனியாக எழுதினால் செத்த செல் என்று படிக்க இடமிருக்கிறது. அதனால் 'குருத்துமடி' என்று கூட்டுச்சொல்லாக வைத்துக்கொள்வோம். தொப்பிச் செல்லும் செர்டோலி செல்லும் குருத்துமடிச் செல்கள், அங்கிருந்து விலகுவது மடியிறங்கல். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், யாரும் சாவை நினைக்கவில்லை.

1978-இல் ரே ஸ்கோஃபீல்டு இந்தக் கருத்தை முன்வைத்தது ரத்தக் குருத்தணுக்களுக்காக, அங்கேயும் சொல் பொருந்துகிறது. 1981-இல் ஜூடித் கிம்பிளும் ஜான் வைட்டும் உருளைப்புழுவின் இனப்பெருக்கக் குழாய் நுனியிலிருந்த ஒற்றைச் செல்லை லேசரால் சுட்டுப் பார்த்தபோது, பெருகிக்கொண்டிருந்த இனச்செல்கள் எல்லாம் பெருகுவதை விட்டுவிட்டு ஒடுக்கற்பிரிவுக்குள் (முட்டை, விந்து ஆவதற்கான செல்பிரிவுக்குள்) நுழைந்துவிட்டன. அங்கே சமிக்ஞை நாட்ச் என்ற ஏற்பி வழியாகப் போகிறது, ஈயின் சூலகத்திலோ வேறு வழி. ஆனால் இரண்டிலும் மடி மடிதான். ஒரு செல்லே மடியாக இருக்க முடியும் என்பதால்தான் 'இடம்', 'சூழல்' என்று முடியும் சொற்களை நான் ஏற்கவில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துவைத்துவிடலாம். சூழலியலிலும் நீஷ் உண்டு; ஓர் உயிரினம் தன் வாழிடத்தில் வகிக்கும் பங்கு அது. அதற்கு மடி ஒத்துவராது, தனிச்சொல்தான் வேண்டும். அதைத் தனி இழையில் பேசுவோம்.