மறு: ‘கிராஸ் டிரெயின் வெயிட்’ தமிழில் என்ன?

> வேனின் எடையையும் டிரெய்லரின் எடையையும் கூட்டினால் வருவதுதானே? ‘கூட்டெடை’ என்றே வைத்துவிடலாமே.

அங்கேதான் இடிக்கிறது அண்ணாச்சி. அது கூட்டி வருகிற எண் இல்லை. வேனையும் பின்னால் கட்டிய டிரெய்லரையும் சேர்த்து நிறுத்தால் இதைத் தாண்டக் கூடாது என்று வேன் செய்தவர்கள் தகட்டில் அடித்துத் தரும் தனி வரம்பு. வேனுக்கு 3,500 கிலோ, டிரெய்லருக்கு 2,500, இரண்டுக்கும் சேர்த்து 5,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 6,000 வருகிறதே! வேனை முழுக்க நிரப்பினால் டிரெய்லர் தன் சொந்த எடையோடு 2,000-க்குள்தான் இருக்க வேண்டும். ‘கூட்டெடை’ என்று எழுதினால் படிக்கிறவர் கூட்டத்தான் செய்வார்.

‘தொடுப்பு எடை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நம்மூரில் தொடுப்பு என்றால் என்னவென்று தெரிந்துதான் எழுதினாரா? நான் சொல்வது ‘கோர்வை வரம்பு’.

‘மொத்த எடை’யிலும் கவனம் வேண்டும். ஆலங்குளம் எடைமேடையில் தரும் சீட்டில் மொத்த எடை என்பது அன்றைக்கு நிறுத்த எடை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் ‘கிராஸ் வெஹிக்கிள் வெயிட்’டோ, பதிவு அதிகாரி அனுமதித்த எடை. அதை ‘அனுமதி எடை’ என்றே சொல்லலாம். பிரிட்டனில் இந்த வேறுபாடு உரிமம் வரைக்கும் போகிறது. 2021 டிசம்பரிலிருந்து அங்கே கார் உரிமத்திலேயே 3,500 கிலோ டிரெய்லர் வரை இழுக்கலாம். அது டிரெய்லரின் அனுமதி எடை. காலியாக இழுத்துப் போனாலும் அதே கணக்கு.

அப்புறம் ‘நோஸ் வெயிட்’. டிரெய்லரின் முன்நுனி வேனின் கொக்கியை அழுத்தும் எடை. இதற்கு ‘மூக்கெடை’யா? மாட்டுவண்டிக்காரரிடம் சொல் தயாராக இருக்கிறது: முன்பாரம். வைக்கோல் ஏற்றும்போது எங்கள் தாத்தா நுகத்தடியைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். பின்பாரம் ஆகிவிட்டால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கிவிடும். வேனுக்குக் கழுத்து இல்லை. ஆனால் பின்பாரமான டிரெய்லர் வேகத்தில் பாம்பாக நெளியும்.

---

முன்பாரத்துக்கு என் ஓட்டு. ‘அனுமதி எடை’யும் சரி. ‘கோர்வை’தான் பூக்கடை வாசம் அடிக்கிறது. ‘இணைவண்டி வரம்பு’ என்றால் என்ன குறை?

---

இணைவண்டி என்றால் டிரெய்லரை மட்டும் நினைப்பார்களே, தம்பி. பூ வாசம் அடித்தாலும் கோர்வையில் இரண்டும் வந்துவிடுகிறது.